கொல்லையில் உதிரும் சருகுகள்: விடுவதா, குவிப்பதா, பொடிப்பதா, அகற்றுவதா?

இலையுதிர் காலம் தொடங்கியதும், சிறு குழந்தைகள் உள்ள வீடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஒரே கேள்வி வருகிறது. கொல்லையில் விழுந்து கிடக்கும் சருகுகளை அப்படியே விட்டுவிடலாமா, ஒரு மூலையில் குவித்து மட்கவிடலாமா, புல்வெட்டியை ஓட்டிப் பொடியாக்கிப் புல்தரையிலேயே சேர்த்துவிடலாமா, அல்லது மூட்டை கட்டி வெளியே அனுப்பிவிடுவதுதான் நல்லதா? தோட்டக்கலை நூல்கள் தரும் பதில்கள் பெரும்பாலும் புல்லையும் மண்ணையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தரையில் கிடப்பதையெல்லாம் எடுத்து வாயில் வைக்கும் ஒன்றரை வயதுக் குழந்தையும், குவியலைக் கண்டால் ஓடிவந்து குதிக்கும் ஐந்து வயதுக் குழந்தையும் உள்ள வீட்டில் கணக்கு வேறு விதமாகப் போகிறது. பகல் சுருங்கிவரும் அந்த வாரங்களில் வெளிச்சத்தோடு வீட்டில் இருக்கக் கிடைப்பது வாரத்துக்குச் சில மணி நேரமே. அதை வாருகோலோடு கழிப்பதா, குழந்தையோடு கழிப்பதா, இரண்டையும் ஒன்றாக்க முடியுமா என்பதும் இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதலாவது, குழந்தையின் பாதுகாப்பு. மற்ற எதற்காகவும் இதை விட்டுக்கொடுக்க முடியாது என்பதால், ஒரு வழி இதில் தவறினால் அதன் மற்ற நன்மைகளைப் பார்க்க வேண்டியதே இல்லை. இரண்டாவது, வேலை நேரம். பெரியவர் தனியாகச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மட்டுமன்றி, குழந்தை பக்கத்தில் இருக்கும்போது செய்யக்கூடிய வேலையா, குழந்தையை உள்ளே வைத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலையா என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றாவது, அந்த வழி குழந்தைக்குப் பார்க்கவும் தொடவும் கேட்கவும் எதை மிச்சம் வைக்கிறது என்பது. நான்காவது, சருகுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும் உயிர்கள். ஐந்தாவதாகத்தான் புல்தரையின் நலத்தை வைப்பேன்.

இந்த வரிசை என்னுடையது. புல்தரை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. குழந்தை விழுந்து எழுந்து ஓடும் இடம் அதுதான். ஆனால் வழுக்கையாகிவிட்ட புல்லை அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கலாம். மூன்று வயதுக் குழந்தையின் இலையுதிர் காலம் ஒரு முறைதான் வரும்.

சருகைப் பற்றி ஒரு செய்தியை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பின்னால் வருவதெல்லாம் எளிதில் விளங்கும். பகல் நேரம் குறையும்போது மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, தழைச்சத்திலும் (நைட்ரஜன்) மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) பெரும்பகுதியைக் கிளைக்கும் வேருக்கும் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும் இலையில் முன்பே இருந்த மஞ்சள் நிறமிகள் தெரிகின்றன. சில மரங்களில் சிவப்பு நிறமி அப்போதுதான் புதிதாக உருவாகிறது. பிறகு காம்பின் அடியில் ஒரு மெல்லிய பிரிவடுக்கு உண்டாகி இலை கழன்று விழுகிறது. ஆகவே கீழே விழுவது பெரும்பாலும் கரிச்சத்து (கார்பன்) மட்டுமே மிஞ்சிய இலை. அதில் 1 பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 40 முதல் 80 பங்கு வரை கரிச்சத்து இருக்கிறது. சருகு மெதுவாக மட்குவதற்கும், தனியாகக் குவித்தால் சூடேறாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே.

## அப்படியே விட்டுவிடுதல்

மரத்தடியிலும் செடிப் பாத்திகளிலும் வேலியோரத்திலும் விழுந்த சருகைத் தொடாமல் விடுவது, செலவே இல்லாமல் கிடைக்கும் மூடாக்கு. மண்ணின் ஈரம் காக்கப்படுகிறது, களை முளைப்பது குறைகிறது, வேர்கள் கடுங்குளிரிலிருந்து தப்புகின்றன.

அதைவிடப் பெரிது, அதற்குள் நடக்கும் வாழ்க்கை. பல அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்கள் இலைகளுக்கிடையே, சில சமயம் ஒரே ஒரு இலையைச் சுற்றிக்கொண்டு, வசந்தம்வரை காத்திருக்கின்றன. சில கம்பளிப்புழுக்கள் புழுவாகவே சுருண்டு படுத்துக் குளிரைத் தாண்டுகின்றன. நத்தைகளைத் தின்று வளரும் மின்மினிப் புழுக்கள் ஈரச் சருகை நம்பியே இருக்கின்றன. குளிர் நாடுகளில் வண்டுத்தேனீக்களின் (பம்பிள்பீ) கூட்டம் இலையுதிர் காலத்தோடு மடிந்துபோக, கருவுற்ற இளம் ராணி மட்டும் மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் புதைந்து உறங்குகிறது. மேலே கிடக்கும் சருகு அதற்குப் போர்வை. முள்ளெலிகள் வாழும் பகுதிகளில் அவையும் சருகைச் சேர்த்துத்தான் உறக்கக் கூடு கட்டுகின்றன. கொல்லையில் மின்மினி குறைந்துவிட்டது, வண்ணத்துப்பூச்சி வரவில்லை என்று வருந்தும் வீடுகள், முந்தைய ஆண்டின் சருகு மூட்டைகளோடு அவற்றில் ஒரு பகுதியையும் வெளியே அனுப்பியிருக்கக்கூடும்.

குழந்தைக்கு இது எவ்வளவு கொடுக்கிறது என்பதை ஒரு இலையைப் புரட்டிப் பார்த்தால் போதும். மரவட்டை சுருளும், பூரான் ஓடும், நத்தை முட்டைகள் சிறு முத்துகளாகத் தெரியும். மண்புழு இலையைத் தன் வளைக்குள் இழுத்துச் செல்வதைக் காலையில் பார்க்கலாம்: வளையின் வாயில் இலை பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் செருகி நிற்கும். மண்புழுக்களைப் பல ஆண்டுகள் கவனித்து 1881இல் எழுதிய சார்லஸ் டார்வின், அவை பெரும்பாலான இலைகளை எளிதில் நுழையக்கூடிய குறுகிய முனையைப் பற்றியே இழுக்கின்றன என்று பதிவு செய்தார். நான்கு வயதுக் குழந்தையால் இதே சோதனையைச் செய்ய முடியும். மாலையில் மண்புழு வளைகளின் அருகே சில இலைகளை வைத்துவிட்டு, காலையில் எந்த முனை உள்ளே போயிருக்கிறது என்று எண்ணச் சொல்லலாம்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். புல்தரையின் மேல் முழு இலைகள் தடித்த அடுக்காகப் படிந்து மழையில் நனைந்தால், அவை ஒட்டிக்கொண்டு பாய்போல் மூடி, வெளிச்சத்தையும் காற்றையும் தடுத்துப் புல்லை அழுகச் செய்யும். புல்லின் நுனிகள் இலைகளுக்கு மேலே தெரியும்வரை அச்சமில்லை. தெரியாமல் போனால் அகற்ற வேண்டும். படியிலும் நடைபாதையிலும் கிடக்கும் ஈரச் சருகு வழுக்கும் என்பதால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் இடங்களில் இந்த வழிக்கு இடமே இல்லை.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது உண்ணி. உண்ணிகள் பரவியுள்ள பகுதிகளில், அதுவும் காட்டையோ புதரையோ ஒட்டிய கொல்லைகளில், ஈரமான சருகு அவற்றுக்கு ஏற்ற வீடு. லைம் நோய் என்ற பாக்டீரியா தொற்றைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் முதிர்ந்த பருவம் இலையுதிர் காலத்தில்தான் சுறுசுறுப்பாகத் திரிகிறது. உறைநிலைக்குச் சற்று மேலே, 4 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அது இயங்கத் தொடங்கிவிடும். அத்தகைய இடங்களில் புல்தரைக்கும் காட்டு ஓரத்துக்கும் இடையே ஏறத்தாழ 1 மீட்டர் அகலத்துக்கு மரச்சீவலோ சரளையோ பரப்பி, அதற்கு இப்பால் சருகைச் சேரவிடாமல் வைப்பது வழக்கமான தற்காப்பு. விளையாடி முடித்த அன்றே குழந்தையின் காதுக்குப் பின்புறம், தலைமுடி ஓரம், அக்குள், தொப்புள், இடுப்பு, முழங்காலின் பின்மடிப்பு ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். உண்ணி உடலில் பல மணி நேரம் ஒட்டியிருந்தால்தான் பெரும்பாலும் நோய் தொற்றும் என்பதால், அன்றைய மாலைச் சோதனையே பெரும் காவல். உலர்ந்த உடைகளைத் துணி உலர்த்தும் இயந்திரத்தில் உயர் வெப்பத்தில் 10 நிமிடம் சுற்றவிட்டால் துணியில் ஒட்டியிருப்பவையும் செத்துவிடும்.

## குவித்து மட்கவிடுதல்

இது பொறுமைக்காரர்களின் வழி. கம்பி வலையை வளைத்து ஏறத்தாழ 1 மீட்டர் விட்டமும் அதே உயரமும் உள்ள கூண்டாகக் கட்டி, சருகை நிரப்பி, பிழிந்த துணியளவு ஈரம் இருக்கும்படி நனைத்து விட்டுவிட வேண்டும். பூஞ்சைகள் மெல்ல வேலை செய்து, ஓராண்டிலிருந்து இரண்டாண்டுக்குள் அதைக் கருத்த, பொலபொலப்பான, காட்டு மண்ணின் மணம் வீசும் மட்காக மாற்றும். மேப்பிள், பிர்ச் போன்ற மெல்லிய இலைகள் விரைவில் மட்கும். தடித்த ஓக் இலைகள் தாமதிக்கும். இந்த மட்கில் உரச்சத்து அதிகம் இல்லை. நீரைப் பிடித்துவைப்பதும் மண்ணை இளக்குவதும்தான் அதன் பயன்.

விரைவாக வேண்டுமானால், மேலே சொன்ன கணக்கைச் சரிசெய்ய வேண்டும். 2 அல்லது 3 பங்கு சருகுக்கு 1 பங்கு பச்சைப் புல்லோ காய்கறிக் கழிவோ சேர்த்தால் கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் இடையிலான விகிதம் 30க்கு 1 என்ற அளவை நெருங்கும். அப்போது பாக்டீரியாக்கள் பெருகிக் குவியல் சூடேறும், சில மாதங்களிலேயே உரம் கிடைக்கும். ஆனால் நன்றாகச் சூடேறிய குவியலின் உட்பகுதி 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்பதால், குழந்தை கையை உள்ளே விட்டுப் பார்க்கும் வீட்டில் அவசரப்படாத முதல் முறையையே நான் விரும்புவேன்.

குழந்தையோடு சேர்ந்து செய்ய இதைப்போல் ஏற்ற வேலை வேறில்லை. இரண்டு வயதுக் குழந்தை ஒவ்வோர் இலையாகக் கொண்டுவந்து போடும்; நான்கு வயதுக் குழந்தை சிறு வாருகோலால் இழுக்கும்; ஐந்து வயதுக் குழந்தை குவியலின் உயரத்தைக் குச்சியில் குறித்துவைத்து, குவியல் வாரந்தோறும் எவ்வளவு அமிழ்கிறது என்று சொல்லும். வேலை மூன்று மடங்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மை. அது குழந்தையோடு கழித்த நேரமாகவும் கணக்கில் சேர்வதால் நான் அதைச் செலவாகக் கருதுவதில்லை.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. குவியல் இரண்டு ஆண்டுகள்வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். சிறிய கொல்லையில் அது பெரிய இழப்பு. பாதி மட்கிய குவியலைக் கிளறும்போது பூஞ்சை வித்துகள் தூசியாக எழும். ஆஸ்துமா உள்ள குழந்தையை அந்த நேரத்தில் பக்கத்தில் விடக்கூடாது, கிளறுபவரும் முகக்கவசம் அணிவது நல்லது. குளிர் வந்த பிறகு குவியலைக் கிளறினால் உள்ளே உறங்கும் உயிர் வெளியே வந்து மடியலாம்.

விளையாட்டுக் குவியலும் மட்கும் குவியலும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குதிக்கும் குவியல் அன்றன்று உதிர்ந்த உலர்ந்த இலைகளால், புல்தரையின் நடுவில், கல்லும் குச்சியும் நாயின் கழிவும் இல்லாததைப் பார்த்துச் சேர்த்ததாக இருக்க வேண்டும். ஓரிரு நாள் விளையாடியபின் அதைக் கூண்டுக்குள் தள்ளிவிடலாம். ஓர் இரவு கடந்த குவியலை மறுநாள் வாருகோலால் மெல்லப் புரட்டிப் பார்த்த பிறகே குதிக்கவிட வேண்டும். தெருவோரக் குவியலில் ஒருபோதும் விளையாடவிடக் கூடாது. உள்ளே மறைந்திருக்கும் குழந்தை வண்டி ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாது.

## பொடித்துப் புல்தரையில் சேர்த்தல்

நேரக் கணக்கில் இதை எதுவும் வெல்லாது. உலர்ந்த இலைகளின் மேல் புல்வெட்டியை இரண்டு முறை ஓட்டினால் அவை நாணயமளவுத் துண்டுகளாகிப் புல்லுக்கிடையே இறங்கிவிடும். அடுத்த வசந்தத்துக்குள் பெரும்பாலும் மறைந்துபோகும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் நீண்ட காலமாகவே புல்தரை வளர்ப்போருக்கு இந்த முறையைப் பரிந்துரைத்துவருகிறது. சருகு மெல்லிய அடுக்காக இருக்கும்போதே ஓட்ட வேண்டும் என்பதும், ஈர இலை கத்தியில் சிக்கும் என்பதும்தான் நிபந்தனைகள்.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதன் உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. புல்வெட்டியின் கத்தி, இலைக்குள் மறைந்திருக்கும் கல்லையும் பொம்மையின் உடைந்த துண்டையும் எறிகுண்டுபோல் வீசும். 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் புல் வெட்டும்போது வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் அறிவுரை. தள்ளும் புல்வெட்டியைக் கையாள 12 வயதும், அமர்ந்து ஓட்டுவதற்கு 16 வயதும் நிறைந்திருக்க வேண்டும் என்கிறது அது. எனவே இது குழந்தையோடு செய்யும் வேலை அல்ல. உள்ளே இன்னொரு பெரியவர் இருந்தாக வேண்டும். தனியாகக் குழந்தையை வளர்ப்பவருக்கு அரை மணி நேர வேலைகூட எட்டாததாகிவிடும். குழந்தை உறங்கும் பிற்பகலில் செய்துவிடலாம் என்று பலர் திட்டமிடுவார்கள். அந்தச் சத்தத்தில் உறக்கம் நீடிப்பது அரிது.

இலையோடு சேர்ந்து கூட்டுப்புழுக்களும் அறுபட்டுப்போகும் என்பதையும் மறைக்கக் கூடாது. இதனால்தான் இம்முறையைத் திறந்த புல்தரையோடு நிறுத்திக்கொண்டு, மரத்தடியை விட்டுவிட வேண்டும் என்பேன். இலை ஊதும் இயந்திரத்தையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்: அது இலையைப் பொடிப்பதும் இல்லை, மட்கவைப்பதும் இல்லை, இடம் மாற்றுவதற்காக அவ்வளவு இரைச்சலையும் தூசியையும் எழுப்புகிறது. குழந்தை உள்ள வீட்டுக்கு அது தேவையென்று எனக்குத் தோன்றியதில்லை.

## மூட்டை கட்டி அகற்றுதல்

பார்வைக்குத் துப்புரவான இந்த வழி, கொடுப்பது குறைவு, எடுத்துக்கொள்வது மிகுதி. மண்ணுக்குத் திரும்ப வேண்டியது வெளியே போகிறது; மறு பருவத்தில் அதையே உரமாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். குப்பைக்கிடங்கில் காற்றில்லாமல் புதையும் சருகு மீத்தேனாக மாறுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஊராட்சியோ நகராட்சியோ தனியாகச் சேகரித்து உரமாக்கும் இடங்களில் இந்தக் குறை பெரிதும் நீங்குகிறது.

அதே சமயம் இதுவே சரியான முடிவாக அமையும் நிலைகளும் இருக்கின்றன. உண்ணி மிகுந்த காட்டோர வீடு, பூஞ்சைத் தூசியால் மூச்சுத்திணறும் குழந்தை, கரும்புள்ளி நோய் கண்ட ரோஜாவின் இலைகள், குவிக்க இடமே இல்லாத சிறு முற்றம் ஆகியவற்றில் தயங்காமல் அகற்றலாம். நஞ்சுள்ள மரம் இருந்தால் அதன் கீழ் விழுபவற்றை அகற்றியே ஆக வேண்டும். யூ என்ற ஊசியிலை மரத்தின் இலையும் விதையும் கொடிய நஞ்சு, அதன் சிவந்த பழம் குழந்தையின் கண்ணை இழுக்கும். இலைகளுக்கிடையே முளைக்கும் காளான்களையும் குழந்தை வெளியே வருவதற்கு முன் பறித்துவிட வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் தெருவிலும் வடிகால் வாயிலும் கிடக்கும் சருகை மட்டும் அள்ளிவிட வேண்டும். மழைநீர் அதிலிருந்து மணிச்சத்தைக் கரைத்துக்கொண்டு ஏரிகளுக்குப் போய்ப் பாசியைப் பெருக்குகிறது. எரிப்பதை ஒரு வழியாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. சருகுப் புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்லும். உடல் எடைக்கு ஒப்பிட்டால் பெரியவரைவிடக் குழந்தை அதிகக் காற்றை இழுக்கிறது.

## எந்த வீட்டுக்கு எது

தவழும் குழந்தையும் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தையும் உள்ள வீட்டில், குழந்தை இறங்கும் இடத்தைத் தினமும் வாரிச் சுத்தமாக வைத்திருப்பதே முதல் வேலை. ஓக் கொட்டையும் குதிரைச் செஸ்ட்நட்டும் தொண்டையில் அடைக்கும் அளவுள்ளவை. கழிவறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதையும் 3 வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கெட்டும் இடத்தில் விடக் கூடாது. கொல்லை முழுவதையும் வார வேண்டியதில்லை. ஒரு பாய் விரிக்கும் இடமும் அதைச் சுற்றி நான்கு அடியும் போதும். மீதியைத் தொடாமல் விடலாம்.

மூன்றிலிருந்து ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளுக்குக் கம்பி வலைக் கூண்டையே முதலில் பரிந்துரைப்பேன். மரத்தடியைத் தொடாமல் விட்டு, நடைபாதையிலும் புல்தரையிலும் விழுவதை மட்டும் வாரிக் கூண்டில் சேர்த்தால், பார்ப்பதற்கு ஓரிடமும் உழைப்பதற்கு ஓரிடமும் குழந்தைக்குக் கிடைக்கும். பெரிய புல்தரையும் இரண்டு பெரியவர்களும் உள்ள வீட்டில், பருவத்தின் நடுவில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் பொடித்துவிட்டால், கூண்டுக்குள் கொள்ளாத மிச்சம் தீர்ந்துவிடும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கூண்டு வைப்பதற்கு முன் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது; மறுத்துவிட்டால், காற்றுத் துளையிட்ட ஒரு பெரிய பையில் ஈரச் சருகை நிரப்பி நிழலில் வைத்தாலும் அதே மட்கு கிடைக்கும்.

மரத்தடியில் விட்டுவைத்த சருகை வசந்தத்தின் முதல் வெயில் நாளிலேயே வாரிவிடாதீர்கள். இரவுக் குளிர் நன்றாகத் தணிந்து, தேனீக்கள் தொடர்ந்து பறக்கத் தொடங்கும்வரை உள்ளே இருப்பவை வெளியேறி முடித்திருக்காது. துளிர் விடும் செடிகளின் மேல் மட்டும் சருகைக் கையால் விலக்கிவிட்டு, மற்றதை இன்னும் சில வாரங்கள் அப்படியே விட்டிருங்கள். விலக்கும்போது எது ஓடுகிறது, எது சுருள்கிறது என்று சொல்லும் வேலையைக் குழந்தையிடம் கொடுத்துவிடலாம்.